ஒரு ‘பி’ செய்யும் வேலை

கேள்வி: ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது ‘சப்ஜங்டிவ்’ இன்னும் தேவையா? எல்லா இடத்திலும் ‘இஸ்’, ‘வாஸ்’ போட்டால் போதாதா?

பதில்: போதாது! ‘வி இன்சிஸ்ட் தட் தி சாம்பிள் பி கெப்ட் அட் மைனஸ் 80 டிகிரி’ என்றால், மாதிரியை அந்தக் குளிரில் வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டளை. ‘சப்ஜங்டிவ்’ வினைவடிவமான இந்த ‘பி’யை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டுப் பாருங்கள்: ‘அங்கேதான் இருக்கிறது, நம்புங்கள்’ என்று சத்தியம் செய்வதாகிவிடும். முதல் வாக்கியத்தைப் படித்தவர் ஃப்ரீசரைத் திறப்பார். இரண்டாவதைப் படித்தவர் தலையாட்டிவிட்டுப் போவார், மாதிரி மேஜையிலேயே கெட்டுப்போகும். பிரிட்டிஷ்காரர்கள் ‘ஷுட் பி’ என்பார்கள், அதுவும் நல்லதே. ‘இஃப்’புக்குப் பிறகு மட்டும் கொஞ்சம் தாராளம் உண்டு. ‘ஈர்ப்பு விசை இல்லையென்றால் நிலா நேர்கோட்டில் போகும்’ என்ற நடவாத கற்பனைக்கு ‘சப்ஜங்டிவ்’ வடிவமான ‘வேர்’ அழகு. ‘வாஸ்’ போட்டாலும் நிலா தடம்புரளாது.