தவளை முனிவரின் தவம்

சிறுவயதில் எனக்குக் கடவுள் என்றால் வருகிறவர். சித்திரையில் அழகர், கள்ளர் திருக்கோலத்தில் அழகர்மலையை விட்டுப் புறப்படுவார். மூன்றுமாவடியில் மதுரையே அவரை வரவேற்கும் எதிர்சேவைக்குத் திரண்டு நிற்கும். தல்லாகுளத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையை ஏற்று, தங்கக்குதிரையேறி, பௌர்ணமி விடியலில் வைகையில் இறங்குவார். அப்பத்தா சொம்பு நிறையச் சர்க்கரை கொட்டி, வாழை இலையால் வாயை மூடி, மேலே சூடம் ஏற்றிக் காட்டுவாள். "வாராரு, வாராரு, நல்லாக் கும்பிட்டுக்கடா" என்று அப்பா என்னைத் தோளில் தூக்குவார். பச்சைப்பட்டு உடுத்தி வந்தால் ஊர் செழிக்கும் என்று கூட்டம் ஆர்ப்பரிக்கும். தோல்பையான தோப்பறையிலிருந்து பீய்ச்சும் தண்ணீரில் நனைந்தபடி வீடு திரும்பும்போது, சாமியைப் பார்த்தாகிவிட்டது, இனி ஒரு குறையும் வராது என்றிருக்கும்.

2021இல் அழகர் வைகைக்கு வரவில்லை. கொரோனாவால் முந்தைய ஆண்டைப் போலவே விழா அழகர்கோவிலுக்குள் முடிந்துவிட்டது. அந்தச் சித்திரையில் அப்பா ஆக்சிஜன் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். எங்களை உள்ளே விடவில்லை. வாசலில் நின்று இராப்பகலாகக் கும்பிட்டேன்.

சாயங்காலங்களில் ஒரு நர்ஸ் தன் சொந்தப் போனில் வீடியோ கால் போடுவார். முழுக் கவச உடைக்குள் அவர் முகம் தெரியாது. "ஐயா, உங்க மகன் பேசுறாரு, கண்ணைத் திறங்க" என்று அப்பா காதருகே சொல்வது மட்டும் கேட்கும். வாசலில் காத்திருந்த எல்லோருக்கும் யாரோ சோற்றுப் பொட்டலம் வைத்துவிட்டுப் போவார்கள். வைகாசியில் அப்பா போய்விட்டார்.

அதன் பிறகு அப்பத்தா சொன்ன அழகர் கதைகளைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். ஊர்க்கதையில் அழகர், தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குப் பிந்தி வந்து, கோபித்துத் திரும்பிய அண்ணன். தலபுராணம் வேறு காரணம் சொல்கிறது. துர்வாசர் சாபத்தால் தவளையாகி, வைகைக் கரையில் தவமிருந்த சுதபஸ் முனிவருக்கு மோட்சம் கொடுக்கவே அழகர் வைகைக்கு வருகிறார். தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் அந்தச் சாபவிமோசனம் இன்றும் நடக்கிறது.

சிறுவயதில் இந்தக் கதையில் நான் அழகரை மட்டும் பார்த்தேன். இப்போது என் மனம் அந்த முனிவரிடம் போய் நிற்கிறது. அழகர் வருவதற்கு முன்பு அவர் வைகைக் கரையில் தனியே கிடந்த காலத்துக்குத் திருவிழா இல்லை, எதிர்சேவை இல்லை. ஆனாலும் தவம் நிற்கவில்லை. உருவமே குலைந்துபோன ஒருவருக்கு அந்தத் தவத்தைத் தொடரும் பலத்தைக் கொடுத்தது யார்? அழகர் அப்போதே அவரோடு இருந்திருக்கிறார் என்றுதான் நான் நம்புகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் என்னை விழாமல் நிறுத்தியதும், ஓய்ந்துபோன உடம்போடு அந்த நர்ஸைப் போனை எடுக்க வைத்ததும் அதே துணைதான்.

2022இல் அழகர் மறுபடி வைகையில் இறங்கினார். கண்ணீரோடு கும்பிட்டேன். அவர் இன்றும் எனக்கு வருகிறவர்தான். வருமுன்னும் உடன் இருக்கிறவர் என்பதைத் துயரம் கற்றுக்கொடுத்தது. அதனால் இப்போது நோயாளியின் வீட்டாரிடம், "சாமி வரும், கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதில்லை. சோறு வாங்கிக் கொடுத்து, அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.