துருவுக்குக் காசு கொடுப்பவர்

குத்துவிளக்கு துலக்குகிற புளியைப் போட்டு இயந்திரப் பூசாரியைத் துலக்கலாமா? கூடாது. இவ்வளவு எளிய உண்மை திருவொற்றியூரில் ஒரு தெருவுக்கே தெரியவில்லை என்பதுதான் இந்த நவராத்திரியில் நம்மவருக்கு வந்த மனத்தாங்கல்.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள். பூஜைச் சாமான் தேய்க்க ஒத்தாசைக்கு வந்த எதிர்வீட்டு அக்கா, கொலுவின் கடைசிப் படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் நின்றிருந்த இயந்திரப் பூசாரியை, அதாவது வார்ஹேமர் விளையாட்டின் டெக்-பிரீஸ்ட் பொம்மையை, கையில் எடுத்தார். "இன்னா தம்பி, துரு புட்சிப் போய்க்கீது! இத்தப் போயி சாமி பக்கத்துல வச்சிக்கிறியே?" என்றார். கேட்டதோடு விட்டிருக்கலாம். நம்மவர் கடைக்குப் போய்ப் பொரி வாங்கித் திரும்புவதற்குள், ராத்திரி ராத்திரியாக மூன்று முடி பிரஷ்ஷால் வைத்த துரு முழுக்கப் புளியிலும் தேங்காய் நாரிலும் போய்விட்டது. "இப்போ பாரு, எப்டி பளபளன்னு கீது!" என்று சாம்பல் நிறப் பிளாஸ்டிக் ஒன்றைக் கையில் கொடுத்தார். "தேங்க்ஸ்க்கா" என்று நம்மவர் சொன்னது வெளியே கேட்டது. மற்றது கேட்கவில்லை.

அது கடையில் காசு கொடுத்து வாங்கிய துரு.

வார்ஹேமர் என்றால் என்ன என்று இங்கே பாடம் நடத்தப்போவதில்லை. பரணில் பிரிக்காத பெட்டி வைத்துக்கொண்டு, அடுத்த பெட்டிக்கு விலை பார்க்கிறவர்களுக்கு அது தெரியும். 1975இல் லண்டனில் மூன்று நண்பர்கள் தொடங்கிய கேம்ஸ் வொர்க்ஷாப், பிறகு நாட்டிங்காமுக்குக் குடிபோனது. 1983இல் வார்ஹேமர், 1987இல் ரிக் பிரீஸ்ட்லியின் கைவண்ணத்தில் வார்ஹேமர் 40,000. 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் முதல் 100 நிறுவனங்களின் பட்டியலில் ஏறிவிட்டது. பொம்மை விற்றே அங்கே ஏறிய கம்பெனி. அந்த ஏற்றத்தில் நம்மவரின் பங்கு எவ்வளவு என்பது வீட்டில் பேசக் கூடாத விஷயம்.

கொசப்பேட்டையில் தலைமுறை தலைமுறையாகக் களிமண்ணிலும் காகிதக்கூழிலும் கொலுப் பொம்மை செய்கிறார்கள். தசாவதார செட், கல்யாண செட், கிரிக்கெட் செட் என்று எதை வாங்கினாலும் மூக்கும் முழியுமாக, வர்ணம் பூசித்தான் கொடுப்பார்கள். நாட்டிங்காம்காரர்கள் அதைவிடப் பல மடங்கு காசு வாங்கிக்கொண்டு தலை தனி, கை தனி, முழங்கால் தனி என்று பிளாஸ்டிக் சட்டத்தில் கோத்துக் கொடுக்கிறார்கள். நறுக்குவது, ராவுவது, ஒட்டுவது, வர்ணம் பூசுவது எல்லாம் வாங்கினவர் தலையெழுத்து. வர்ணத்துக்குத் தனிக் காசு. பசைக்கும் தனிக் காசு.

பிறகு ஏன், நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் இதை இப்படி விழுந்து விழுந்து ரசிக்கவேண்டும்? நம்மவரிடம் மூன்று காரணங்கள் இருக்கின்றன. முதல் காரணத்தைச் சொல்லும் முன் துரு விவகாரத்தை முடித்துவிடலாம்.

சிட்டாடல் என்ற பெயரில் அவர்கள் விற்கிற வர்ணங்களில் ரைசா ரஸ்ட் என்று ஒன்று உண்டு. இரும்பு துருப்பிடித்தால் வருகிற அந்த ஆரஞ்சு நிறம். உலர்ந்த பிரஷ்ஷால் ஓரங்களில் லேசாகத் தடவவேண்டும். டைஃபஸ் கரோஷன் என்று இன்னொன்று: கரடுமுரடான பழுப்பு அழுக்கு. காசிமேட்டுக் கடற்காற்றில் ஜன்னல் கம்பி இந்த இரண்டு வேலையையும் ஒரே மழைக்காலத்தில் தானாகவே செய்துகொள்கிறது. கம்பியும் தன்னை ரசிக்கச் சொல்லி யாரையும் கேட்பதில்லை. அதைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கவும் காசு, பொம்மைமேல் அதையே வரவழைக்கவும் காசு. ஒரே வீட்டில், ஒரே மாதத்தில், ஒரே சம்பளத்தில்.

அடுத்தது அக்ரெல்லன் எர்த். தடிமனாகப் பூசிக் காயவிட்டால் பாளம் பாளமாக வெடிக்கும். பாழாய்ப்போன கிரகத்தின் தரை கிடைக்கும். அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டிக் காய்ந்த எண்ணூர்ச் சதுப்பைப் பார்த்தவர்கள் இந்தப் புட்டிக்கு வாய்விட்டுச் சிரிப்பார்கள். அதற்கடுத்து வெதரிங் பவுடர். அதாவது தூசி. தூசிதான், ஆனால் டப்பியில் வரும். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வால் பிடித்து டூவீலரில் போகிறவர் தலைமுதல் கால்வரை மேலும் கீழும் சமமாகப் பெறுகிற அந்த நுட்பமான பழுப்புப் படலத்தை வரவழைக்க, மேல்நாட்டில் ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து பிரஷ்ஷைத் தட்டுகிறார்.

தூசி என்றதும் கரி ஞாபகம் வருகிறது. நம்மவர் பிறந்து வளர்ந்தது ராயபுரத்தில். கொடியில் வெள்ளைச் சட்டை காயப்போட்டால் கறுப்பு வாஷ் அடித்தது மாதிரி திரும்பி வந்த காலம் அது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2011 அக்டோபரிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. கரி வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்கு இடமாற்றலாகிப் போனது. நம்மவரும் வாடகை குறைவு என்று வடக்கே திருவொற்றியூருக்குக் குடிபெயர்ந்தார். இரண்டும் தொடர்பில்லாத நிகழ்ச்சிகள் என்றுதான் இன்றுவரை நம்ப முயல்கிறார்.

கடைசியாக நர்கிள்ஸ் ராட். பளபளக்கும் பச்சைக் கொழகொழப்பு. கதைப்படி நர்கிள் நோய்களின் தெய்வம். அழுகலையும் கொப்புளத்தையும் வரமாகக் கொடுப்பார்; பக்தர்கள் அவரைப் பிரியமாகத் தாத்தா என்பார்கள். இந்தக் கொழகொழப்பை யார் புட்டியில் வாங்குவார்கள் என்று பக்கிங்காம் கால்வாய் ஓரம் குடியிருப்பவர்கள் கேட்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கி, படகு, வலை, அலையாத்தி மரம் எதையும் விடாமல் ஒரு பூச்சுப் பூசியது. அப்படிக் கொடுத்தவரைத் தாத்தா என்று இங்கே யாரும் கூப்பிடவில்லை. வேறு மாதிரி கூப்பிட்டார்கள்.

முதல் காரணம் கதை. நாற்பதாயிரமாம் ஆண்டில் நடக்கிறது. மனிதர்களின் சக்கரவர்த்தி பத்தாயிரம் வருஷமாகப் பொன் சிம்மாசனத்தில் செத்தும் சாகாமல் உட்கார்ந்திருக்கிறார். இருந்த இடத்திலிருந்தே ஆட்சி நடக்கிறது. தமிழ் வாசகருக்கு இதில் பெரிய அதிர்ச்சி இருக்காது. ஓர்க் என்கிற பச்சைப் பயல்களின் வண்டி ஓடுவது, அது ஓடும் என்று அவர்கள் நம்புவதால். சிவப்புப் பெயின்ட் அடித்தால் இன்னும் வேகம். ஷேர் ஆட்டோவில் போகிறவர்களுக்கு இதையும் விளக்கவேண்டியதில்லை. கிலோமீட்டர் கணக்கில் நீளமான போர்க்கப்பல்களில் பீரங்கிக் குண்டை ஆட்கள் சங்கிலி கட்டிக் கையால் இழுக்கிறார்கள். இது கொஞ்சம் ஓவர் என்று சொல்பவர்கள் 2017 ஜனவரி 28ஐ நினைத்துக்கொள்ளட்டும். எண்ணூருக்கு அருகே கடலில் பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெல்லாம் ஒதுங்கியது. செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய நாட்டில் அந்த எண்ணெயை அள்ளியது பிளாஸ்டிக் வாளிகள்.

செவ்வாய் என்றால் அக்கா துலக்கிய ஆளின் சொந்த ஊர். செவ்வாயின் இயந்திரப் பூசாரிகள் சிவப்பு அங்கி போட்டவர்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் ஓர் ஆவி குடியிருக்கிறது என்பது அவர்களின் மதம். அதற்கு எண்ணெய் பூசி, தூபம் காட்டி, மந்திரம் சொன்னபிறகுதான் சுவிட்சைப் போடுவார்கள். எப்படி ஓடுகிறது என்பது மறந்துபோய் எப்படிக் கும்பிடுவது என்பது மட்டும் மிஞ்சிய கூட்டம். மேல்நாட்டு ரசிகர்கள் இதை அபாரக் கற்பனை என்று கொண்டாடுகிறார்கள். என்ஃபீல்டும் அசோக் லேலண்டும் சோறு போட்ட இந்த வட்டாரத்தில் ஆயுத பூஜையன்று ஒரு லேத் பட்டறைக்குள் எட்டிப்பார்த்தால் போதும். லேத்துக்குச் சந்தனம், டிரில்லிங் மிஷினுக்குக் குங்குமம், கம்ப்ரஸருக்கு மாலை, வெல்டிங் செட்டுக்குப் பொட்டு, வாசலில் பூசணிக்காய். ஸ்பானரைக்கூட அன்றைக்கு யாரும் தொடமாட்டார்கள். பொரி, கடலை கொடுக்கும் வசதி செவ்வாயில் உண்டா என்பது மட்டும் எந்த நாவலிலும் வரவில்லை. நம்மவர் படித்தவரை.

"சண்ட பொம்மய வச்சிகினு இன்னா பண்ணுவ?" என்றும் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. எச்.ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகமே போட்டு, தரையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி விளையாட விதி வகுத்தார். நிஜப் போருக்கு இது எவ்வளவோ மேல் என்று வாதாடினார். அடுத்த வருஷமே உலகப் போர் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. வெல்ஸ் சொன்னதை யாரும் கேட்கவில்லை. நம்மவர் சொல்வதை அக்காவும் கேட்கவில்லை. "கண்ணனோட தேர் செட்டு வாங்கி வை, கீத உபதேசம், அயகா இருக்கும்" என்றார். அதுவும் போர்க்களம்தான் என்று சொல்ல நம்மவர் வாயெடுத்தார். அக்கா சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது, மூன்றாவது காரணங்களுக்கு இடமில்லை. புளியில் மாட்டிய பூசாரியை மறுபடி பூசுகிற வேலையும் இருக்கிறது.

கடற்கரை ஓரம் இருந்துகொண்டு இந்தப் பைத்தியத்தில் இறங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈரக்காற்றில் ஸ்ப்ரே ப்ரைமர் அடித்தால் சொரசொரப்பாகும். மேட் வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூக்கும். ஐப்பசி, கார்த்திகையில் டப்பாவைத் தொடவே தொடாதீர்கள். பிரஷ்ஷால் பூசுங்கள், மின்விசிறிக்கு அடியில் காயவிடுங்கள், நன்றாகக் காய்ந்தபிறகு பூட்டு உள்ள கண்ணாடி அலமாரியில் வையுங்கள்.