சூடேறினால் இறுகும் கந்தகம்

கேள்வி: பெரும்பாலான பொருள்கள் சூடேற்றினால் இளகும். கந்தகமோ இறுகுகிறதாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். கந்தகம் ஊரோடு ஒத்து வாழாத பிறவி! 119 டிகிரி செல்சியஸில் உருகி, மஞ்சள் நீராகத் தளதளவென ஓடும். எட்டு அணுக்கள் கைகோத்த சின்னச் சின்ன வளையங்கள் ஒன்றையொன்று உரசி வழுக்கிக்கொண்டிருக்கும் நிலை அது. 159 டிகிரியைத் தாண்டியதும் வளையங்கள் அறுந்து, அறுந்த முனைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பல்லாயிரம் அணு நீளச் சங்கிலிகளாகின்றன. அப்புறம் இடியாப்பச் சிக்கல்தான். பிசுபிசுப்பு ஆயிரக்கணக்கான மடங்கு ஏறும். நிறம் செங்கருப்பு. சுமார் 187 டிகிரியில் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் இறங்க அடம்பிடிக்கும். இன்னும் சூடேற்றுங்கள், சங்கிலிகள் துண்டு துண்டாகி மறுபடி ஓடும்.

அந்தக் கொதிகுழம்பைச் சட்டெனக் குளிர்ந்த நீரில் ஊற்றினால், இழுத்தால் நீளும் ரப்பர் போன்ற கந்தகம் கிடைக்கும். என்ன அழகு! ஆனால் சில நாளில் வளையங்கள் திரும்பிவிடும். பழையபடி மஞ்சளாகி நொறுங்கும்.

கூடவே ஆர்சனிக் சேர்த்தால் கதை வேறு. கந்தகத்துக்கு இரண்டு கை, ஆர்சனிக்குக்கு மூன்று. சங்கிலிகள் வலையாகப் பின்னிக்கொள்ள, நிலையான கண்ணாடி பிறக்கிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும் வெப்பக் கதிர்களை இது தாராளமாக உள்ளே விடும். அகச்சிவப்பு லென்ஸ்கள் செய்ய உதவுவது அதனால்தான்.

வீட்டு அடுப்பில் மட்டும் சோதித்துப் பார்த்துவிடாதீர்கள். கந்தகம் தீப்பிடித்தால் வரும் கந்தக டையாக்சைடு நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.