சேகோ குட்டையும் எங்கள் ஏரியும்

கல்வராயன் மலையிலிருந்து குச்சிக்கிழங்கு ஏற்றிய லாரிகள் சின்னசேலம் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளுக்குப் போகிற வழியில்தான் எங்கள் ஊர். சிறுவயதில், கிழங்கு வெட்டுகிற காலம் வந்தாலே ஊருக்கு மேற்கே இருந்த ஆலையின் கழிவுநீர்க் குட்டை நாறத் தொடங்கிவிடும். கிழங்கைத் தோல் நீக்கி அரைத்து, மாவைத் தொட்டியில் படியவிட்ட பின் வடித்துவிடுகிற தண்ணீர் அது. மேலே வெள்ளையாக ஆடை கட்டியிருக்கும். குச்சியால் விலக்கினால் அடியிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பும். காற்று திரும்பினால் கொடியில் காயும் துணியில்கூட அந்தப் புளித்த வாடை ஏறிவிடும். அரைபட்ட கிழங்கிலிருந்து சயனைடு வெளிப்படும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் மாடுகளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள்.

“ஊரையே நாறடிக்கிறானுங்க” என்று ஆயா திட்டாத நாளில்லை. திட்ட அவருக்குத் தகுதி இருந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு சொட்டுகூட வாசலைத் தாண்டியதில்லை. சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த தண்ணீர் கொல்லையிலிருந்த வாழைக்கு, குளித்த தண்ணீர் சேம்புக்கு. கிணற்றிலிருந்து இடுப்பில் சுமந்து வந்த தண்ணீரை வீணாக்க யாருக்கு மனம் வரும்?

இன்று அதே குட்டையின் மேல் கனத்த கறுப்பு விரிப்பு போர்த்தியிருக்கிறார்கள். புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். காற்றுப் புகாத இருட்டில் நுண்ணுயிர்கள் மாவுச்சத்தைத் தின்று மீத்தேனாக்குகின்றன. நாங்கள் குச்சியால் கிளறிப் பார்த்த குமிழ்தான் அது. விரிப்பு உப்பி நிற்கிறது, குழாய் வழியே போகும் வாயு ஆலையின் எஞ்சினை ஓட்டுகிறது. எல்லா ஆலைகளும் இப்படி மாறிவிட்டதாகச் சொல்ல வரவில்லை. எங்கள் மேற்குப் பக்கத்து நாற்றம் குறைந்துவிட்டது என்பது மட்டும் உண்மை.

கிழக்கே இருக்கும் ஏரிதான் இப்போது நாறுகிறது. வீட்டுக்கு வீடு குழாயில் தண்ணீர் தர 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஆயிரம் பேர் உள்ள ஊருக்கு 55,000 லிட்டர். குழாய் வந்தது பெரிய வரம். பெண்களின் இடுப்பு நோவு தீர்ந்தது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வந்த தண்ணீரில் பெரும்பகுதி சோப்பு நுரையோடு வெளியே போகுமே, அது எங்கே போய்ச் சேரும் என்று யாரும் கேட்கவில்லை. கொல்லைகளில் வீடு கட்டியாயிற்று, வாழை போயிற்று. தெருச் சாக்கடை நேராக ஏரி மதகை ஒட்டிப் போய் விழுகிறது. அங்கே ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. மீன் பிடிக்கிறவர்கள் வருவதில்லை. இந்தக் கழிவுக்கு முதலாளி நாங்கள்தான்.

மருந்தும் குட்டையில்தான் இருக்கிறது. ஏரிக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வெட்ட வேண்டும். முதலாவது இரண்டரை மீட்டருக்கு மேல் ஆழம், கசடு அங்கே படிந்து மட்கும். அடுத்தது ஒன்றரை மீட்டர் அளவுக்கு. பகலில் பாசி விடும் பிராணவாயுவைக் கொண்டு நுண்ணுயிர்கள் மிச்ச அழுக்கைத் தின்னும். கடைசியது ஒரு மீட்டர்தான், அடிவரை வெயில் இறங்கிக் கிருமிகளைக் கொல்லும். நிலம் சரிவாக இருந்தால் மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கரையில் புல் மண்டாமல் பார்த்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடு அள்ள ஆள் வேண்டும். அதைச் செய்யாத ஊரில் இதுவும் கொசுக்குட்டையாகிவிடும். கொல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலத்தில் மீனவர்கள் நகரத்துச் சாக்கடையை இப்படி வெயிலிலும் பாசியிலும் தெளியவைத்து மீன் வளர்க்கிறார்கள். 2002இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. எங்களுக்குத் தேவை ஏரிக்கரையோரம் கொஞ்சம் புறம்போக்கு.

அந்தப் புறம்போக்கு இருக்கிறது, இப்போது குப்பை கொட்டுகிற இடமாக. உலக தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் இப்போது கிராம சபை கூடுகிறது. இடத்தை அளந்து மூன்று குட்டைக்கும் தீர்மானம் போடச் சொல்லி இந்த முறை பெண்களும் சேர்ந்து கேட்கப் போகிறோம்.