சாம்பாரில்தான் உப்பு கூடியது

தன்னைத்தானே திட்டிக்கொள்கிறவர்களின் கேள்விகளுக்கு மட்டும் இந்த வாரம் பதில்.

கேள்வி: சாம்பாரில் கொஞ்சம் உப்பு கூடிவிட்டால்கூட, 'நான் எதுக்குமே லாயக்கில்லை' என்று நாள் முழுக்க மனசு அடித்துக்கொள்கிறது. என்ன செய்ய? (இல்லத்தரசி, விருதுநகர்)

பதில்: வேகவைத்த பருப்பு ஒரு கரண்டி சேருங்கள். உப்பு கூடியது சாம்பாரில்தான், உங்களில் அல்ல. அந்த 'எதுக்குமே' என்ற சொல்லைப் பிடித்து நிறுத்தி விசாரியுங்கள். நேற்று வைத்த ரசம்? போன தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு? ஒரு பாத்திரத்தில் நடந்த பிழையிலிருந்து ஒரு மனுஷியின் மொத்த மதிப்புக்கும் மனசு தாவிவிடுகிறது. 1960-களில் பிலடெல்பியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வில் இருந்தவர்களின் எண்ணங்களில் இந்தத் தாவலைக் கண்டுபிடித்தார். மனசு சொல்வதை அப்படியே நம்பாமல் 'அதற்கு ஆதாரம் என்ன?' என்று கேட்கப் பழக்குவது அவர் உருவாக்கிய சிகிச்சையின் அடிப்படை. அடுத்த முறை, "இன்னிக்கு உப்பு கூடிப்போச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் உண்மை. அதற்கு மேல் சொல்வதெல்லாம் அவதூறு.

கேள்வி: அவசரத்தில் காலுக்கு ஒரு செருப்பாக மாட்டிக்கொண்டு ஆபீஸ் போய்விட்டேன். ஒரு வாரமாகியும் கூச்சம் போகவில்லை. (வங்கி ஊழியர், கரூர்)

பதில்: எத்தனை பேர் கேட்டார்கள்? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. போடவே கூசும்படி ஒரு பாடகர் படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். 'கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள்' என்று போனவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். உங்கள் ஆபீஸிலும் அவரவருக்கு அவரவர் செருப்புக் கவலை.

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். என்னை நானே திட்டிக்கொள்ளாவிட்டால் சோம்பேறியாகிவிட மாட்டேனா? (தர்மபுரி)

பதில்: திட்டினால்தான் ஆவீர்கள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களை வைத்து 2010-இல் ஓர் ஆய்வு வெளியானது. படிப்பைத் தள்ளிப்போட்டதற்காக முதல் தேர்வின்போது தங்களை மன்னித்துக்கொண்டவர்களிடம், அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போடுவது குறைந்தது. காரணம் எளிது. புத்தகத்தைப் பார்த்தாலே திட்டு ஞாபகம் வந்தால், கை தானாகச் செல்போனுக்குத்தான் போகும்.

எங்கள் தெருத் தையல்காரர் ஒருநாள் என் கண் முன்னாலேயே ஒரு ஜாக்கெட்டுக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். "அடடா, கை மாறிப்போச்சு" என்றார். பிளேடை எடுத்து நாலு தையலுக்கு ஒன்றாக அறுத்து, நூலை உருவினார். பிறகு இடது கைத் துணியின் உள்பக்கம் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டுத் திரும்பத் தைத்தார். மொத்தம் பத்து நிமிஷம். இப்போது அவர் வெட்டும் ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் அந்தக் கோடு இருக்கிறது. 'நான் ஒரு மடையன்' என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தால் அந்தக் கோடு வந்திருக்காது.

நேற்று நீங்கள் எந்த இடத்தில் நழுவினீர்கள்? சாப்பிட்டுவிட்டுப் போனோடு படுத்த அந்த அரை மணி நேரமா? அங்கே ஒரு கோடு போடுங்கள். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.

கேள்வி: யார் பாராட்டினாலும் 'ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க' என்றுதான் வாயில் வருகிறது. இது அடக்கம்தானே? (ஈரோடு)

பதில்: பாராட்டியவரைப் பொய்யராக்குவது அடக்கத்தில் சேராது. 'சந்தோஷங்க' என்ற ஒரு சொல் போதும்.

கேள்வி: 94 மார்க் வாங்கிவிட்டு என் மகள் அழுகிறாள். யாரிடம் கற்றாள் என்றே தெரியவில்லை. (ஒரு தாய், தஞ்சாவூர்)

பதில்: 'மீதி ஆறு எங்கே போச்சு?' என்று வீட்டில் யாராவது கேட்டதுண்டா, யோசியுங்கள். அதைவிட ஆழமாக இறங்குவது, நாம் நம்மைப் பற்றிப் பிள்ளைகள் காதுபடப் பேசுவது. பால் பொங்கி வழிந்தால் 'என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்' என்கிறோம். பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே பிள்ளை கேட்கிறது. தப்பு செய்தால் தன்னோடு தான் எப்படிப் பேச வேண்டும் என்ற பாடம் அப்போதுதான் நடக்கிறது. இனி பால் பொங்கினால் அவள் காதில் விழும்படி, "சரி, துடைச்சிடலாம்" என்று சொல்லுங்கள்.

உடனே 'எல்லாம் என்னாலதான்' என்று ஆரம்பித்துவிடாதீர்கள், அம்மா. குறையே இல்லாத தாய் குழந்தைக்குத் தேவையில்லை, போதுமான அளவு நல்ல தாய் போதும் என்றவர் டொனால்டு வின்னிகாட். அவர் பல்லாண்டுகள் குழந்தைகளைக் கவனித்த பிரிட்டிஷ் மருத்துவர்.

கேள்வி: ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்தால் பத்து வருஷத்துத் தவறெல்லாம் வரிசை கட்டுகிறது. (லாரி ஓட்டுநர், தூத்துக்குடி)

பதில்: அந்த நேரத்தில் வழக்கை எடுக்காதீர்கள். இதே தவறைச் செய்த உங்கள் கூட்டாளி நடுராத்திரி போன் பண்ணினால் என்ன சொல்வீர்கள்? "விடுப்பா, தூங்கு, காலையில பேசிக்கலாம்." அதையே உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு உங்களுக்குச் சொல்லுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸும் சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், 'நான்' என்பதை விட்டுத் தன் பெயரைச் சொல்லித் தனக்குள் பேசியவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. யாரிடமாவது மன்னிப்புக் கேட்கவேண்டியது பாக்கியிருந்தால், விடிந்ததும் போய்க் கேட்டுவிடுங்கள்.

ஆனால் இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்றால் இந்தப் பக்கத்தை நம்பி இருக்காதீர்கள். 'இருந்து என்ன பிரயோஜனம்' என்று தோன்றினால் ஒருநாள்கூடத் தாமதிக்க வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் எண்ணைப் போனில் இப்போதே பதிந்துவையுங்கள். பக்கத்து சீட்டில் வருகிறவருக்குத் தேவைப்படலாம்.