தறிக்காரர் மகனும் நிற்காத வண்டியும்

1935 நவம்பரில் டோக்கியோவில் ஒரு லாரி அறிமுக விழா. பெரிய மனிதர்களுக்கெல்லாம் அழைப்பு போய்விட்டது. விழா நாயகன் நகோயா பக்கத்து கரியா ஊரிலிருந்து சாலை வழியாக வந்து சேர வேண்டும். கிளம்பியது. வழியில் ஸ்டீயரிங்கோடு சேர்ந்த ஒரு கை முறிந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் குதிரை படுத்துக்கொண்ட கதை. கூட வந்தவர்கள் எதையோ செய்து, எப்படியோ ஒப்பேற்றி, டோக்கியோ வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அந்த லாரியின் பெயர் ஜி1. செய்தவர்கள் டொயோடா தானியங்கித் தறி ஆலைக்காரர்கள். “டொயோட்டாவா? கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க” என்று இன்று ஊருக்கு ஊர் மெக்கானிக்குகள் சான்றிதழ் தரும் கம்பெனி, பொதுவாழ்க்கைக்குள் நுழைந்த லட்சணம் இது.

தறிக்காரர்களுக்கு லாரியில் என்ன வேலை என்று அன்று எல்லோரும் கேட்டார்கள். வீட்டுக்குள்ளேயே கேட்டார்கள்.

அப்பா சகிச்சி டொயோடா, 1867இல் பிறந்த தச்சர் மகன். ஊரில் அவருக்குப் பெயர் கிறுக்கன். தச்சு வேலையைப் பார்க்காமல் எந்நேரமும் தறியையே முறைத்துக்கொண்டிருந்தால் வேறு என்ன சொல்வார்கள்? 1891இல் மரக் கைத்தறி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கப்புறம் நிறுத்தவேயில்லை. 1924இல் வந்த அவருடைய ஜி ரகத் தறியில்தான் சூட்சுமம் இருந்தது: ஒரு நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். பழைய ரக விசைத்தறி என்பது நூல் அறுந்தாலும் அறியாமல் கஜக்கணக்கில் கோணல் துணியை நெய்து தள்ளும் ஜந்து. அதைக் காவல் காக்கப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். இது நின்று தொலைக்கும் என்பதால் ஒரே பெண் இருபது முப்பது தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது.

1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் இந்தத் தறியின் உரிமையை ஒரு லட்சம் பவுண்டுக்குப் பேசி முடித்தது. பிளாட் பிரதர்ஸ் லங்காஷயர் கம்பெனி. நம்மூர் நெசவாளிகளின் வயிற்றில் அடித்த அதே லங்காஷயர், ஜப்பானியத் தச்சர் மகனிடம் தறி வாங்கக் கையெழுத்துப் போட்டது என்று படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. மன்னிக்கவும், கார் கதைக்கு வருவோம்.

கையெழுத்துப் போடப் போனவர் மகன் கீச்சிரோ. என்ஜினியரிங் படித்தவர், சாது, கார் பைத்தியம். ஆனால் ஆலையின் சாவிக்கொத்து அவரிடம் இல்லை. சகிச்சி தன் மகளைக் கட்டிக்கொடுத்து, மாப்பிள்ளையைத் தத்தும் எடுத்து வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தார். ரிசாபுரோ என்ற அந்த மாப்பிள்ளை மகனைவிட வயதில் மூத்தவர், கணக்கில் கெட்டி, ஆலைக்குத் தலைவர். மச்சானின் கார் ஆசையை அவர் ரசிக்கவில்லை. எந்தத் தமிழ் சீரியல் எழுத்தாளருக்கும் இந்த இடத்திலிருந்து ஐந்நூறு எபிசோடு வரும். ஜப்பானில் சுருக்கமாக முடித்தார்கள்: ஆலையின் ஒரு மூலையில் கீச்சிரோ தன் ஆட்களோடு ஒரு செவர்லே காரை வாங்கிவந்து 1933இல் நட்டு நட்டாகப் பிரித்தார். அப்புறம் கடிகாரத்தைப் பிரித்த சிறுவனின் நிலைமை. அதே போல் செய்யப் பார்த்தால் சிலிண்டர் பிளாக் வார்ப்பு ஒழுங்காக வரவில்லை. வார்த்ததை எல்லாம் உடைத்து மறுபடி உருக்கினார்கள்.

கடைசியில் வந்தது ஒரு சமபந்தி போஜனம். ஜி1 லாரிக்கு இன்ஜின் செவர்லே மாதிரி, சட்டம் ஃபோர்டு மாதிரி. 1936இல் வந்த ஏஏ காருக்கு உடம்பு கிரைஸ்லர் மாதிரி. ‘மேட் இன் ஜப்பான்’ என்று சொன்னால் அமெரிக்கர்கள் மூக்கைப் பொத்திய காலம் அது. காப்பியடித்தார்கள் என்று இன்று சீனாவைத் திட்டுகிறவர்கள் இந்தப் பத்தியை மறுபடி ஒருமுறை படிக்கலாம்.

வாங்கின லாரிகள் நின்றன. ஏறுமுகத்தில் நின்றன, இறங்குமுகத்தில் நின்றன. லாரியைத் தேடிக்கொண்டு ரிப்பேர் ஆட்கள் போனார்கள், சமயத்தில் கீச்சிரோவே போனார். எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று குறித்துக்கொண்டு வந்து அடுத்த லாரியில் அதைத் திருத்தினார்கள். மற்ற கம்பெனிகள் மறைக்கப் பார்க்கும் விஷயத்தை இவர்கள் நோட்டுப் போட்டு எழுதினார்கள். அப்பாவின் தறி நூல் அறுந்தால் நின்று ஆளைக் கூப்பிடும். மகனின் லாரியும் கிட்டத்தட்ட அதையேதான் செய்தது, நடுரோட்டில்.

1936இல் பெயர்ப் போட்டி வைத்தார்கள். 27,000 பேர் எழுதிப் போட்டார்கள். டொயோடா டொயோட்டா ஆனது. ஜப்பானிய எழுத்தில் எட்டுக் கோட்டில் எழுதி முடித்துவிடலாம், எட்டு ராசியான எண். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி வாழ்க்கையை மாற்றிக்கொள்ளும் நியூமராலஜி நம் சினிமாக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தோம்! 1937இல் தனிக் கம்பெனி பிறந்தது. முதல் தலைவர்? மாப்பிள்ளைதான். கார் ஆலை இருந்த கொரோமோ ஊர் 1959இல் தன் பழைய பெயரையே கழற்றிவைத்துவிட்டு டொயோட்டா நகரம் ஆகிவிட்டது.

போர்க்காலத்தில் இரும்புப் பஞ்சம். கடைசியாக வந்த லாரிகளுக்கு ஹெட்லைட் ஒன்றே ஒன்று. 1950இல் அதைவிட மோசம்: கையில் காசில்லை, வேலைநிறுத்தம், 2,000க்கும் மேற்பட்டோர் வேலையிழப்பு. “தறிக்காரனுக்குக் கடன் கொடுப்போம், கொல்லனுக்கு மாட்டோம்” என்று ஒரு வங்கி விரட்டியதாக இன்றும் சொல்வார்கள். ஆட்களை வெளியே அனுப்பியதற்குப் பொறுப்பேற்று, அதற்குள் தலைவராகியிருந்த கீச்சிரோ ஜூன் மாதத் தொடக்கத்தில் பதவி விலகினார். அந்த மாதம் 25ஆம் தேதி கொரியப் போர் வெடித்தது. அமெரிக்க ராணுவம் லாரி கேட்டு வாசலில் நின்றது. இன்னும் மூன்று வாரம் பொறுத்திருந்தால் நாற்காலி தப்பியிருக்கும். 1952இல், மறுபடி தலைமைக்கு வருவதற்குள், இறந்துபோனார். இந்த இடத்தில் மட்டும் எனக்குக் கேலி வரவில்லை.

கேலிக்கு அமெரிக்கா இருக்கிறது. 1957இல் ஹாலிவுட்டில் ஒரு பழைய கார் ஷோரூமைப் பிடித்து, கிரவுன் காரைக் கொண்டுபோய் இறக்கினார்கள். ஜப்பானின் குண்டும் குழியுமான ரோட்டுக்காகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய கார். ராஜபாட்டை மாதிரி அகலமான ஃப்ரீவேயில் ஏற்றியதும் அதற்குக் காய்ச்சல் கண்டது. இன்ஜின் கொதித்தது, வேகம் கூடினால் உடம்பெல்லாம் நடுங்கியது. 1958 முழுக்க விற்றவை 287 கிரவுன், ஒரே ஒரு லேண்ட் குரூசர். அந்த ஒன்றை வாங்கிய புண்ணியவானுக்குச் சிலை வைத்திருக்க வேண்டும். கார் விற்பனையை நிறுத்திவிட்டு, நோட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பி, 1965இல் கொரோனா என்ற காரோடு மறுபடி போனார்கள். (பெயருக்கு அன்று ஒரு தோஷமும் இல்லை.) அடுத்த வருடம் ஜப்பானில் கொரோலா வந்தது. போட்டிக்காரரான நிஸானின் சன்னிக்கு 1000 சிசி என்று தெரிந்ததும், இவர்கள் நூறு சிசி கூடப் போட்டு, அந்த நூறையே விளம்பரமாக அடித்தார்கள். உலகத்தில் அதிகம் விற்ற கார்ப் பெயர் என்ற பட்டம் அதற்குத்தான். ஐந்து கோடியைத் தாண்டிவிட்டது.

இதற்கிடையில் ஆலைக்குள் தாய்ச்சி ஓனோ என்ற மனிதர் எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தார். தரையில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார். என்ஜினியரை அதற்குள் நிறுத்தி, பார் என்பார். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல மாட்டார். மணிக்கணக்கில் நின்று, என்ன தப்பு நடக்கிறது என்று அவராகக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மிஷின் நின்றால், ஏன் என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஃப்யூஸ் போயிற்று. ஏன்? பேரிங் இறுகிவிட்டது. ஏன்? எண்ணெய் போதவில்லை. ஏன்? இப்படியே போனால் ஐந்தாவது ஏனுக்குள் ஒரு வடிகட்டி போடாததில் போய் முட்டும். முதல் ஏனிலேயே ஃப்யூஸை மாற்றிவிட்டு டீக்குப் போவது நம் வழக்கம்.

எல்லாவற்றையும் விட விசித்திரம், லைனுக்கு மேலே தொங்கிய கயிறு. கோளாறைக் கண்டால் எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். சரிசெய்யாவிட்டால் லைன் நின்றுவிடும். சகிச்சியின் அறுந்த நூல்தான் இங்கே கயிறாகித் தொங்கியது. 1984இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸோடு கூட்டு சேர்ந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் மூடிவைத்திருந்த ஆலை அது. வேலைக்கு வராதவர்களுக்கும், வந்து குடித்தவர்களுக்கும் பேர்போனது. ஜெனரல் மோட்டார்ஸ் காலத்தில் அங்கே முதல் கட்டளை, என்ன ஆனாலும் லைன் நிற்கக்கூடாது. கோணலாக வந்த காரைக் கோணலாகவே முடித்து வெளியே தள்ளுவார்கள். பெரும்பாலும் அதே ஆட்களைத்தான் டொயோட்டா திரும்ப எடுத்தது, கயிற்றைக் காட்டி, இழு என்றது. லைனை நிறுத்தினால் சீட்டுக் கிழியும் என்று பழகியவர்களுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. இழுத்தார்கள். ஒருவரும் திட்டவில்லை. கொஞ்ச காலத்திலேயே அந்த ஆலை அமெரிக்காவின் நல்ல ஆலைகளில் ஒன்றாகிவிட்டது. இப்போது அங்கே டெஸ்லா இருக்கிறது, அது வேறு கதை.

ஆலைக்குள் இத்தனை தடவை நின்றதால், வெளியே போன வண்டி நிற்காமல் ஓடியது. எவ்வளவு என்று கேட்டால் லிபியா ராணுவம் சொல்லும். 1987இல் சாட் நாட்டுக்காரர்கள் டொயோட்டா பிக்அப்புகளின் முதுகில் பிரெஞ்சு ஏவுகணைகளைக் கட்டிக்கொண்டு பாலைவனத்தில் பாய்ந்தார்கள். ஃபடா என்ற இடத்தில் லிபியா 90க்கும் மேற்பட்ட டாங்கிகளை இழந்தது. சாட் தரப்பில் போனவை மூன்று டொயோட்டா. சரித்திரத்தில் அந்த வருடச் சண்டைக்குப் பெயரே டொயோட்டா போர். கம்பெனி மட்டும் இதை விளம்பரத்தில் போடவில்லை. 2003இல் பிபிசியின் ‘டாப் கியர்’ ஆட்கள் ஒரு பழைய ஹைலக்ஸைக் கடலில் முக்கி, தீ வைத்து, இடிந்து விழும் கட்டடத்தின் உச்சியில் நிறுத்திப் பார்த்தார்கள். கொஞ்சம் ஸ்பானர் வேலைக்குப் பிறகு அது புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது.

நம்மூரில் பேர்வாங்கிய அவதாரம் குவாலிஸ், 2000இல் வந்தது. இந்தோனேஷியாவின் ‘கிஜாங்’ வண்டியின் தம்பி. அட்டைப்பெட்டிக்குச் சக்கரம் வைத்த அழகு. அழகையா பார்த்தோம்? ஓ.எம்.ஆரில் கால் சென்டர் பிள்ளைகளை இரவெல்லாம் ஏற்றி இறக்கியது, கார்த்திகை பிறந்தால் மாலை போட்டுக்கொண்டு சபரிமலை போனது. 2005இல் அதை நிறுத்திவிட்டு இன்னோவா வந்தது. கட்சி பேதமில்லாமல் எல்லாக் கொடியையும் தாங்கியது.

ஆனால் டொயோட்டா வைத்திருப்பவர்களோடு ஒரு பெரிய சிக்கல் உண்டு. அவர்களிடம் கதை கிடையாது. அம்பாசிடர் வைத்திருந்த பெரியப்பா ஒரு பயணத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுவார்: விக்கிரவாண்டி தாண்டி ரேடியேட்டர் கொதித்தது, பெரியம்மா கோபித்துக்கொண்டு பஸ் ஏறியது, மெக்கானிக் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டது. இன்னோவாக்காரரிடம் கேளுங்கள்.

“வண்டி எப்படிண்ணே?”

“ஆயில் மாத்தினேன்.”

“அப்புறம்?”

“மறுபடி ஆயில் மாத்தினேன்.”

சொல்ல வேறு ஒன்றுமில்லாததால் மீட்டரைக் காட்டுவார். “மூணு லட்சம் ஓடியிருக்கு. இன்னும் இன்ஜின்ல கை வைக்கல.” பிளஸ் டூவில் மாநில முதலிடம் வாங்கிய மகனைப் பற்றிக்கூட அந்தக் குரலில் பேச மாட்டார். இலங்கைக்காரர்கள் ஒரு படி மேலே. அங்கே ஹையேஸின் ஒரு ரகத்துக்கு ‘டொல்பின்’ என்றே செல்லப்பெயர். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திவைத்ததும், பத்துப் பதினைந்து வருஷப் பழைய காரை வாங்கின விலைக்கும் மேலே விற்றவர்கள் உண்டு. கார் வாங்குவதும் நகை வாங்குவதும் அங்கே ஒன்றாகிப்போனது.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை, பெருக ஆசைப்பட்டது. 2009-10இல் தரைவிரிப்பு ஆக்சிலேட்டரில் சிக்கி, ஆக்சிலேட்டரும் அழுத்தினால் மேலே வராமல், லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. எண்பது வருஷமாக நிற்கக் கற்றுக்கொடுத்த குடும்பத்தின் வண்டி, நிற்க மறுத்தது. சகிச்சியின் கொள்ளுப்பேரன் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் போய் மன்னிப்புக் கேட்டார். 2014இல் 120 கோடி டாலர் அபராதம்.

அதற்கும் அசராத வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். லூசியானாவில் ஒருவர் 2007ஆம் வருட டண்ட்ரா பிக்அப்பை ஒன்பது வருடத்தில் பத்து லட்சம் மைல் ஓட்டினார், பழைய இன்ஜினோடேயே. 2016இல் கம்பெனி அவருக்குப் புது வண்டியைக் கொடுத்து, பழையதை வாங்கிக்கொண்டு போய், ஏன் இது சாகவில்லை என்று தெரிந்துகொள்ள நட்டு நட்டாகப் பிரித்துப்போட்டது. தாத்தா கீச்சிரோ செவர்லேயைப் பிரித்ததைப் போல, பேரன் காலத்தில் சொந்த வண்டியையே.

எட்டு வருடம் கழித்து, 2024இல், புதிய தலைமுறை டண்ட்ராக்களோடு சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இன்ஜின் கடையும்போது வந்த தூளை உள்ளேயே விட்டுவிட்டார்களாம். எங்கேயோ ஒரு ஆள் கயிற்றை இழுக்காமல் விட்டிருக்கிறார். போகட்டும், வாழ்நாளெல்லாம் ஆயில் மட்டுமே மாற்றிக்கொண்டிருந்த டொயோட்டாக்காரர்களுக்கு, ரோட்டோரம் நின்று சொல்ல முதன்முறையாக ஒரு கதை கிடைத்தது.