கிளிச்சீட்டும் படைப்பாளுமையும்: அஞ்சடி சார்ந்த ஓர் ஆய்வு

ஆய்வுக்களம்: பினாங்கு, ஜார்ஜ்டவுன், குவீன் ஸ்திரீட் அஞ்சடி (கடை முன் நடைவழி). 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். ஆய்வுச் சிக்கல்: கூண்டை விட்டு வரும் கிளி உருவிப் போடும் ஒற்றைச் சீட்டு, எழுத்தாளனின் ஆளுமை வளர்ச்சி பற்றியும் படைப்பு வளர்ச்சி பற்றியும் கூறுவது யாது? ஆய்வு முறை: வெள்ளி கொடுத்துக் கேட்டல்.

இத்துறையில் மேலைநாட்டார் முந்திக்கொண்டனர். அவர்களின் குறிச்சீட்டான டாரட் கட்டில் 78 சீட்டுகள். 15-ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் அது வெறும் சீட்டாட்டம். 1781-இல் குர் த ஜெபலென் என்ற பிரெஞ்சு அறிஞர், அது எகிப்தியப் பூசாரிகளின் மறைநூல் என்று அறிவித்துவிட்டார். எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியதோ 1822-இல். படிக்க முடியாத எழுத்தைப் போல ஆய்வாளனுக்குப் பாதுகாப்பான சான்று வேறில்லை. நம் சிந்துவெளி அறிஞர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்று பரவலாகப் புழங்கும் கட்டு 1909-இல் வந்தது. வெளியிட்டவர் ரைடர், வடிவமைத்தவர் வெயிட்; கட்டுக்கு அவ்விருவர் பெயரே நிலைத்தது. படங்களை வரைந்த பமேலா கோல்மன் ஸ்மித்துக்குக் கிடைத்தது சொற்பக் கூலி.

இனி, நம் கிளிக் கட்டின் சீட்டு வகைகள்.

முருகன்: நல்லது.

லட்சுமி: மிக நல்லது.

சனீஸ்வரன்: பரிகாரம் தனிக்கட்டணம்.

ஏசு, புத்தர்: இவையும் கட்டில் உண்டு. சீனரின் குவான் யின் கோயிலில் குச்சி குலுக்கிக் குறி பார்க்கும் வசதி சில நிமிட நடையில் இருக்கையில், எந்த வாடிக்கையாளரையும் திருப்பியனுப்பக் கிளிக்குக் கட்டுப்படியாகாது.

நெல்: இது சீட்டன்று. ஆயினும் இவ்வாய்வின் உயிர்நாடி இதுவே. சீட்டைப் போட்டதும் கிளிக்கு ஒரு நெல் கிடைக்கிறது. சீட்டின் தத்துவத்தில் மயங்கிய அறிஞர் உலகம் இந்நெல்லைக் கண்டுகொள்ளவில்லை. இது கூலி என்பது ஒரு கட்சி (பூக்கடை அம்மா, வாய்மொழி). லஞ்சம் என்பது மறுகட்சி (தேநீர்க் கடைப் பெரியவர், இரண்டாம் தே தாரேக்கின்போது, முதல் தே தாரேக்கின்போது இவரும் கூலிக் கட்சியே). முன்பணம் என்பாரும் உளர் (பெயர் சொல்ல விரும்பாத அன்பர், அவர் பெயரைச் சொல்ல அவர் மனைவி விரும்பினார், ஆய்வறம் கருதித் தவிர்க்கப்பட்டது). மூல ஆதாரத்தையே அணுகியபோது (கிளி, நேர்காணல், கூண்டுக் கம்பி வழியாக) பதில் ஆள்காட்டி விரலில் பதிவானது. அத்தழும்பைப் பின்னிணைப்பாகக் கொள்க.

எனினும் ஒன்று உறுதி. நெல், பலன் பலிப்பதற்காகக் காத்திருப்பதில்லை. 2010 உலகக் கோப்பையில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் மணி என்ற கிளி, கால் இறுதி நான்கையும் சரியாகச் சொல்லிவிட்டு, இறுதியாட்டத்தில் நெதர்லாந்துச் சீட்டை எடுத்தது, வென்றது ஸ்பெயின். தின்ற நெல்லை யாரும் திருப்பிக் கேட்டதாகத் தகவல் இல்லை. 2024-இல் கடலூரில் ஒரு கிளி, எழுத்தாளரும் இயக்குநருமான தங்கர் பச்சான் தேர்தலில் வெல்வார் என்றது. கிளி வைத்திருந்ததற்காக ஜோசியரை வனத்துறை பிடித்துப் போனது. தங்கர் பச்சானும் தோற்றார். படைப்பாளியைப் பற்றிய சீட்டு பொய்த்தது, முதலாளி மாட்டிக்கொண்டார், கிளி மட்டும் தன் கூலியை முன்பே விழுங்கியிருந்தது. தமிழில் எழுதிப் பிழைப்போர் எட்ட வேண்டிய வளர்ச்சி நிலை இதுவென்று இக்கட்டுரை துணிகிறது.

எனக்கு வந்தது பிள்ளையார். “எழுத்து நல்லா வளரும் தம்பி, காசுதான் கொஞ்சம் லேட்டாகும்” என்றார் ஜோசியர். கிளி அதற்குள் நெல்லோடு கூண்டுக்குள் போயிருந்தது.

முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் நடந்தது. இனி நடத்துவோருக்கு ஒரு விண்ணப்பம்: கிளிச்சீட்டுக்கு ஓர் அமர்வு ஒதுக்குங்கள். கட்டுரையாளருக்குப் பொன்னாடை வேண்டாம், நினைவுப் பரிசும் வேண்டாம். தாளைக் கையில் கொடுத்த அதே நிமிடம், தலைக்கு ஒரு நெல் போதும்.